எர்ன்ஸ்ட் பார்லாக்: கேள்வி பதில்

கேள்வி: பார்லாக் யார்? பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பதில்: 1870இல் ஹாம்பர்க் அருகே வேடல் என்ற ஊரில் பிறந்த ஜெர்மானியச் சிற்பி. நாடகங்களும் எழுதியவர். வெகுநாள் தனக்கென்று ஒரு பாணி பிடிபடாமல் இருந்தவருக்கு 1906இல் ரஷ்யப் பேரரசில் செய்த பயணம் வழி காட்டியது. கார்கிவ் பக்கம் கண்ட பிச்சைக்காரர்களும் குடியானவர்களும் கடைசிவரை அவர் சிற்பங்களில் வந்துகொண்டே இருந்தார்கள்.

கேள்வி: எல்லா உருவமும் போர்வை போர்த்தியே இருக்கிறதே, ஏன்?

பதில்: உடற்கட்டைக் காட்டுவதில் அவருக்கு ஆர்வமில்லை. துணி ஒரே திரளாக விழும், முகமும் கைகளும்தான் பேசும். மரச் சிற்பங்களை உற்றுப் பாருங்கள், உளி பட்ட தடங்களை இழைத்து அழிக்காமல் அப்படியே விட்டிருப்பார்.

கேள்வி: முதல் உலகப் போரை ஆதரித்தவராமே?

பதில்: உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. 1914இல் செய்த ‘பழிவாங்குபவன்’ வாளை ஓங்கியபடி பாய்கிறான். படையில் கொஞ்ச காலம் இருந்தவர் போரை வெறுத்துத்தான் திரும்பினார். 1929இல் மாக்டபுர்க் பேராலயத்துக்குச் செய்த போர் நினைவுச்சின்னத்தில் வெற்றிக் களிப்பே கிடையாது. ஹெல்மெட் அணிந்த எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது, பக்கத்தில் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அதை அகற்றிவிட்டார்கள்.

கேள்வி: குஸ்ட்ரோ பேராலயத்தில் தொங்குவது அசல் சிற்பமா, நகலா?

பதில்: 1910 முதல் அவர் வாழ்ந்த ஊர் குஸ்ட்ரோ. போரில் இறந்தவர்களுக்காக 1927இல் அந்தப் பேராலயத்துக்குச் செய்தது ‘மிதப்பவர்’. கண்ணை மூடி, மார்பில் கைகளைக் குறுக்கே வைத்து, தரைக்கு இணையாக அந்தரத்தில் தொங்கும் வெண்கல உருவம். முகத்தில் சிற்பி கெத்தே கோல்விட்ஸின் சாயல் இருக்கும். தான் நினைக்காமலே அந்த முகம் வந்து சேர்ந்துவிட்டது என்று பார்லாக்கே சொல்லியிருக்கிறார். 1937இல் அதை இறக்கினார்கள், பிறகு உருக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே பார்லாக் இறந்துபோனார். ஆனால் நண்பர்கள் ரகசியமாக இரண்டாவது வார்ப்பு எடுத்து, லூனபுர்க் பக்கம் ஒரு கிராமத்தில் ஒளித்துவைத்தார்கள். போர் முடிந்தபின் அது 1952இல் கொலோன் நகரின் அன்டோனிடர் தேவாலயத்துக்குப் போனது. அதிலிருந்து அச்செடுத்து வார்த்ததுதான் இப்போது குஸ்ட்ரோவில் இருப்பது. வெண்கலத்தில் ஒரே அச்சிலிருந்து பல வார்ப்புகள் எடுப்பது வழக்கம்தான், அதனால் இதை வெறும் நகல் என்று தள்ள எனக்கு மனம் வராது.

கேள்வி: ஜெர்மனி போனால் எங்கே பார்க்கலாம்?

பதில்: ஒரே ஊர்தான் முடியும் என்றால் குஸ்ட்ரோ. மரச் சிற்பங்களுக்கு ஹாம்பர்க்கில் யெனிஷ் பூங்காவில் உள்ள பார்லாக் இல்லம். கொலோனில் அன்டோனிடர் தேவாலயம் ஷில்டர்காஸ கடைத்தெருவிலேயே இருக்கிறது, சுலபமாகப் போய்வரலாம்.