மகள் கெமிஸ்ட்ரியிலேயே இருக்கட்டும்

வணக்கம்மா. பாட்டி சொந்த மகளையே "நீ யாரு?" என்று கேட்டதைப் பார்த்து வளர்ந்த உங்கள் பெண், மறதி நோயான அல்சைமரை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். நீங்களோ பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாள், பயோடெக்குக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். மாற்றவே மாற்றாதீர்கள்.

இந்த நோயில் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படியத் தொடங்கி, மறதி வெளியே தெரிவதற்கே பத்துப் பதினைந்து வருடம் ஆகிவிடும். முன்பெல்லாம் ஆள் இறந்தபிறகு மூளைத் திசுவை எடுத்துச் சாயம் ஏற்றித்தான் அந்தப் படிவை உறுதியாகப் பார்த்தார்கள். தயோஃப்ளேவின் டி அப்படி ஒரு சாயம். அதில் ஒரு நேர்மின்சுமை இருப்பதால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் சரியாக நுழையாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளங்க், செஸ்டர் மேத்திஸ் குழு அந்தச் சுமை இல்லாதபடி மூலக்கூறை மாற்றி, கதிரியக்கக் கார்பன்-11ஐ அதில் சேர்த்தது. 2002ல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதைச் செலுத்தி, உடம்புக்குள் போன கதிரியக்கப் பொருள் எங்கே சேர்ந்திருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில் அமிலாய்டைப் பார்த்தார்கள். பார்த்தீர்களா, பூட்டைத் திறந்தது கெமிஸ்ட்ரிதான்.

கார்பன்-11இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், வெறும் 20 நிமிடம். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரத்திலிருந்து வந்ததும் மூலக்கூறில் சேர்த்து, சுத்தம் செய்து, சோதித்து, ஊசி போட்டுவிட வேண்டும். கை தடுமாறினால் பாதி காணாமல் போயிருக்கும். அதனால்தான் 110 நிமிட அரை ஆயுள் உள்ள ஃப்ளோரின்-18க்கு மாறினார்கள். அந்த வகையில் அமிலாய்டைக் காட்டும் ஃப்ளோர்பெட்டாபிருக்கு 2012லும், இந்த நோயில் படியும் இன்னொரு புரதமான டௌவைக் காட்டும் ஃப்ளோர்டௌசிபிருக்கு 2020லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கதிரியக்கம் என்றதும் பயப்படாதீர்கள், ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, உடம்பில் பட்டதை அளக்கும் பேட்ஜ் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வார்கள். கதிரியக்கமே வேண்டாம் என்றால் ஒளிரும் மூலக்கூறுகள் பக்கம் போகலாம், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் கோவிந்தராஜு குழு அல்சைமருக்காக அந்த வேலையைச் செய்கிறது.

ஒன்றைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி வேறு, மூலக்கூறை உருவாக்கும் படிப்பு வேறு. உங்கள் மகள் கேட்பது இரண்டாவது. அதற்கு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் கை பழக வேண்டும், ஜாம் (JAM) என்ற எம்.எஸ்சி. நுழைவுத்தேர்வு எழுதி நல்ல இடத்தில் எம்.எஸ்சி., அப்புறம் நெட் (NET) தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்து பிஎச்.டி. மொத்தம் ஏழெட்டு வருடம், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், உங்கள் கையை எதிர்பார்க்க மாட்டாள். இதே வேலைக்கென்று இடங்கள் குறைவுதான். அதே கைத்திறனை மருந்துக் கம்பெனிகளும் தேடுகின்றன. அந்த ஏழெட்டு வருடத்தில் கல்யாணப் பேச்சை எடுத்துப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள் அம்மா, இதைக் கெஞ்சியே கேட்கிறேன்.

இந்தியாவின் அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். லேபில் அவள் வேலையை நேரில் பார்த்தவர் யாரோ அவரிடம் இப்போதே பேசி வைக்கட்டும்.