ஹேஸிலை 154 ஆட்டங்களிலும் இறக்கலாமா?

கேள்வி: 1957-ஆம் ஆண்டின் மில்வாக்கி பிரேவ்ஸ் பேஸ்பால் அணியை ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் (ஒவ்வொரு ஆட்டக்காரரின் உண்மையான சீசன் கணக்கையும் ஓர் அட்டையாக்கும் மேசை விளையாட்டு) அட்டைகளையும் பகடைகளையும் கொண்டு முழு சீசனும் நடத்தி வருகிறேன். 62 ஆட்டங்கள் முடிந்துள்ளன. முதல் நாளிலிருந்தே இறக்கிய பாப் ஹேஸில் 240 முறை பேட் செய்து 0.392 சராசரி (பேட் செய்த முறைகளில் ஹிட்டாக, அதாவது பந்தை அடித்து பேஸை எட்டியதாக, முடிந்தவற்றின் விகிதம்) வைத்திருக்கிறார். எதிரணிகளை நடத்தும் நண்பர் இது முறையல்ல என்று கூறி ஆட மறுக்கிறார். நான் எந்த விதியை மீறினேன்?

பதில்: நீங்கள் எந்த விதியையும் மீறவில்லை, ஆயினும் நண்பர் சொல்வதே நியாயம். 62-ஆவது ஆட்டம் என்றால் நாட்காட்டியில் இன்னும் ஜூன் மாதம்தான். ஹேஸில் அணிக்கு வந்ததோ ஜூலை இறுதியில். சென்டர் ஃபீல்டர் (மைதானத்தின் நடு வெளிப்பகுதியைக் காப்பவர்) பில் புரூட்டன் காயமடைந்ததால் அழைக்கப்பட்ட அவர், 41 ஆட்டங்களில் 134 முறை பேட் செய்து 54 ஹிட் அடித்தார், சராசரி 0.403. அதே அணியில் ஹாங்க் ஆரன் 615 முறை பேட் செய்து, 44 ஹோம் ரன்களுடன் 0.322 எடுத்தார். இவ்விருவரின் அட்டைகளையும் பகடை ஒரே விதமாகத்தான் நடத்தும். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டை, 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் (பந்து வீசுபவரின்) அட்டை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இரண்டு மாத அதிர்ஷ்டத்தை நீங்கள் ஆறு மாதங்களுக்கு நீட்டியிருக்கிறீர்கள். அடுத்த ஆண்டே டெட்ராய்ட்டுக்கு அனுப்பப்பட்டவர் அவர்.

எனவே ஒவ்வொருவரும் உண்மையில் பேட் செய்த எண்ணிக்கையே உச்சவரம்பு. பத்து விழுக்காடு கூடினால் பாதகமில்லை. வாக் பெற்று, அதாவது பிட்சர் நான்கு தவறான பந்துகள் வீசியதால் அடிக்காமலே, முதல் பேஸுக்குச் சென்றவை இதில் சேரா. இத்தனை முக்கியமான வரம்பை ஆடுபவர்களின் விருப்பத்துக்கே விட்டுவிடும் வழக்கம் இந்தத் துறையில் பல பத்தாண்டுகளாகத் தொடர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய விதி அது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் பேஸைக் காக்கும் ரெட் ஷோயென்டீன்ஸ்ட் அந்த ஆண்டு 150 ஆட்டங்களில் 200 ஹிட் அடித்தவர். அட்டையைப் பார்த்தால் வரம்பே தேவையில்லை என்று தோன்றும். ஆனால் அவர் ஜூன் 15 அன்றுதான் நியூயார்க் ஜயன்ட்ஸிலிருந்து பிரேவ்ஸுக்கு வந்தார். மில்வாக்கிக்காக ஆடியவை 93 ஆட்டங்களே. இரு அணிகளின் கணக்கையும் ஒரே அட்டையில் சேர்த்துவிடுவதால், ஏப்ரலிலேயே அவரை இறக்கினால் ஜயன்ட்ஸின் இரண்டாம் பேஸைக் கொள்ளையடித்தவராகிறீர்கள். அதுவரை அந்த இடம் டேனி ஓ'கானலுக்கு உரியது. ஜூன் 15-க்குப் பின் ஓ'கானலும் பாபி தாம்சனும் ரே குரோனும் ஜயன்ட்ஸுக்குப் போய்விட வேண்டும். எல்லா அணிகளையும் சீசன் இறுதியில் இருந்தபடியே ஆடுவது என்று நண்பரும் நீங்களும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும், அவர் முதல் நாளிலிருந்து 150 ஆட்டங்களும் ஆடலாம்.

இந்த நிலையில் "சிறந்த வரிசை" தயாரித்துத் தருவதாகப் பணம் கேட்பவர்கள் உங்களை அணுகுவார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். சராசரிப்படி பெயர்களை அடுக்கி, ஹேஸிலை மூன்றாவதாக வைத்துத் தருவதுதான் அவர்கள் வேலை. அந்த ஆண்டின் ஆட்ட விவரங்களை, பழைய பேஸ்பால் ஆட்டப் பதிவுகளைத் திரட்டும் ரெட்ரோஷீட் அமைப்பின் தன்னார்வலர்கள் இலவசமாகவே தருகிறார்கள். பழைய அட்டைத் தொகுப்பு விற்கும் இடைத்தரகர்களிடம் இன்னும் கவனம் தேவை. முழுத் தொகுப்பு என்று நம்பி நான் வாங்கிய ஒன்றில் இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்களின் அட்டைகள் வண்ண நகல்களாக இருந்தன. விளிம்பை விரலால் தடவியபோதுதான் தாளின் தடிமன் வேறு என்று தெரிந்தது. பணத்தை நீட்டுவதற்கு முன் ஒவ்வொரு அட்டையையும் எண்ணித் தடவிப் பாருங்கள்.

உங்கள் ஹேஸில் 134-ஐ எப்போதோ தாண்டிவிட்டார். இப்படியே தொடர்வதானால் அவர் இனி பெஞ்சில்தான் இருக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த 62 ஆட்டங்களையும் விட்டுவிட்டு, புரூட்டனைச் சென்டரில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்குவேன். ஜூலை இரண்டாம் வாரத்தில் அவர் வெளியேறியதும் ஆரன் சென்டருக்கு நகரட்டும். மாத இறுதியிலிருந்து வலது ஃபீல்டில், வலக்கைப் பிட்சர் வந்தால் ஹேஸில், இடக்கைப் பிட்சர் வந்தால் ஆண்டி பாஃப்கோ.