உறுப்பு பிழை என்றால் எங்கே அறுப்பது? வன்னி மொடல்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் போர்விமான மொடல் கட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எல்லாம் ஒரே விசயத்தைச் சுற்றித்தான்: கிட் என்று சொல்லும் மொடல் பெட்டிக்குள் வந்த உறுப்பு உண்மையான விமானத்தோடு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது? பதிலுக்குப் போகமுன் ஒன்று. பிழை என்று யாரோ சொன்னதைக் கேட்டு வாளை எடுக்காதீர்கள். அளந்து, படத்தோடு வைத்துப் பார்த்து, பிழை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் அறுக்க வேண்டும்.

பரந்தன், உயர்தர மாணவர்: அண்ணா, என்னுடைய 1/72 ஹரிகேனின் இறக்கை கட்டையாக இருப்பதுபோலத் தெரிகிறது. பிழையா இல்லையா என்று எப்படி உறுதிப்படுத்துவது?

தம்பி, ஹரிகேனின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 40 அடி, அதாவது 12.19 மீற்றர். 1/72 என்றால் உண்மையின் 72இல் ஒரு பங்கு, ஆகவே 72 ஆல் வகுத்தால் 169.3 மில்லிமீற்றர். 1/48 என்றால் 254 வரும். பசை போடாமல் இறக்கையை ரேப்பால் பிடித்துவைத்து வேர்னியரால் அளந்து பாருங்கள். 1/72 இல் ஒரு மில்லிமீற்றர் என்பது உண்மையில் 72 மில்லிமீற்றர், மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அரை மில்லிமீற்றர் வித்தியாசத்தைக் கண் பிடிக்காது, விட்டுவிடலாம். இரண்டு மூன்று என்று போனால் யோசிக்க வேண்டும்.

நீளம் சரியாக இருந்தும் கண்ணுக்கு உறுத்தினால், பெரும்பாலும் இறக்கையின் ஏற்றக் கோணத்தில்தான் பிழை இருக்கும். ஹரிகேனின் நடு இறக்கை கிடையாக இருக்கும். வெளி இறக்கைகள் மட்டும் 3.5 பாகை மேலே ஏறும். மேல், கீழ் பாதிகளை அழுத்தி ஒட்டும்போது அந்த ஏற்றம் தட்டையாகிவிட்டால் முழு விமானமும் சோர்ந்ததுபோல நிற்கும்.

படத்தோடு ஒப்பிடும்போது தூரத்திலிருந்து நேர் பக்கவாட்டில் எடுத்த படத்தையே தெரிவுசெய்யுங்கள். அருங்காட்சியகத்தில் கைபேசியால் கிட்ட நின்று எடுத்த படத்தில் மூக்கு ஊதியும் வால் சிறுத்தும் தெரியும். அதை நம்பி நல்ல மூக்கைத் தேய்த்தவர்களை எனக்குத் தெரியும். வரைபடங்களிலும் பிழை இருக்கும். இரண்டு வரைபடங்கள் முரண்பட்டால், அச்சான அளவுக்கும் படத்துக்கும் எது பொருந்துகிறதோ அதை எடுங்கள். பெரிய நிறுவனங்களுக்கே இது நடந்திருக்கிறது. செக் நாட்டு மொடல் நிறுவனமான எடுவர்ட் 2014இல் வெளியிட்ட 1/48 மெசர்ஷ்மிட் 109 ஜி-6 அளவில் பெரிதாகிப்போனது. பிழையை ஏற்றுக்கொண்டு புதிய அச்சுச் செய்து 2016இல் மறுபடி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும்.

புதுக்குடியிருப்பு: 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 9. பழைய கிட். உடல் 4 மில்லிமீற்றர் குட்டை. மூக்கில் ஒரு துண்டு வைத்தால் சரிவருமா?

முழு நாலையும் மூக்கில் வைத்தால் அளவு சரியாகும், விமானம் பிழையாகும். முதலில் உடலைப் பகுதி பகுதியாக அளவுங்கள்: சுழலியின் கூம்பு முடியும் இடத்திலிருந்து முன்கண்ணாடி வரை, முன்கண்ணாடியிலிருந்து வால்செட்டையின் அடி வரை, அங்கிருந்து கடைசிவரை. ஒவ்வொன்றையும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மார்க் 9 வகையில் இரண்டு கட்ட சுப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) கொண்ட மேர்லின் எஞ்சின் வந்ததால் அதன் மூக்கு மார்க் 5 ஐவிட நீளம். ஆகவே மூக்கில் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் விமானி அறைக்குப் பின்னாலும் குறைந்திருந்தால் அங்கேயும் ஒரு துண்டு வேண்டும்.

அறுக்கும் இடத்தைத் தகட்டுக்கோட்டிலேயே, அதாவது விமானத்தின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறலிலேயே, வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த இணைப்பு கோட்டுக்குள் மறைந்துவிடும். இடது, வலது பாதிகளை ஒட்டமுன், இரண்டையும் சேர்த்து ரேப்பால் கட்டி, சுற்றிவர ஒரே கோட்டை ஊசியால் கீறிக்கொள்ளுங்கள். கனமான ஒட்டுப்பட்டையைக் கோட்டோரம் ஒட்டினால் வாள் விலகாது. மெல்லிய பல் வாளால் மெதுவாக, அமுக்காமல் அறுக்க வேண்டும்.

பலர் மறக்கும் விசயம் வாளின் தடிப்பு. 0.3 மில்லிமீற்றர் வாள் என்றால் ஒவ்வொரு வெட்டிலும் அவ்வளவு பிளாஸ்டிக் தூளாகப் போய்விடுகிறது. இரண்டு இடத்தில் அறுத்தால் 0.6. அதையும் சேர்த்துத்தான் செருகும் துண்டை வெட்ட வேண்டும்.

துண்டைத் தகட்டுப் பிளாஸ்டிக்கை அடுக்கி ஒட்டிச் செய்யுங்கள். உடலின் வெளிக்கோட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக விட்டு, பசை நன்றாக இறுகிய பிறகு, குறைந்தது ஒரு இரவு கழித்து, அரத்தால் இறக்குங்கள். பட்டியால் (பள்ளம் அடைக்கும் களிம்பால்) மட்டும் இடைவெளியை நிரப்பாதீர்கள். ஒரு மில்லிமீற்றருக்கு மேலே பட்டி சுருங்கி வெடிக்கும். உடல் பின்னால் ஒடுங்கிப்போகும் இடத்தில் துண்டு வைத்தால் இரு பக்கமும் ஒரு சின்னப் படி வரும். அதை ஒரே இடத்தில் தேய்க்காமல் முன்னும் பின்னும் நீளமாகப் பரவவிட்டு இறக்குங்கள். கடைசியில் சாம்பல் நிற அடிப்பூச்சு ஒரு தடவை அடித்து, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கை தடவிப் பிடிக்காத மேடு பள்ளம் அப்போது தெரியும்.

இன்னொன்று. வேறு இடத்தில் கை வைக்காவிட்டாலும் ஸ்பிட்ஃபயரின் இறக்கை உடலோடு சேரும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே கடற்பறவையின் செட்டைபோல ஒரு வளைவு இருக்க வேண்டும். பழைய கிட்டுகளில் அது தட்டையாக இருக்கும். அதைச் சரிசெய்வது நீளத்தைச் சரிசெய்வதைவிட முகத்தை மாற்றும் என்பது என் அபிப்பிராயம்.

ஒட்டுசுட்டான்: அண்ணை, தகட்டுப் பிளாஸ்டிக் என்கிறீர்கள். இங்கே எந்தக் கடையில் கிடைக்கிறது?

கொழும்பில் அல்லது வெளிநாட்டு உறவினர் மூலம்தான். ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். யோகட் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது மொடல் செய்யும் அதே பொலிஸ்டைரீன், மொடல் பசையிலேயே உருகி ஒட்டும். சீடிப் பெட்டியின் கண்ணாடி மூடியும் அதே வகை. மின்விளக்குக் கண்ணாடி, இறக்கை நுனி விளக்கு எல்லாம் அதில் செய்யலாம். வெட்டும்போது வெடிக்கும், அதனால் கீறி முறிக்க வேண்டும். உறுப்புகள் வந்த சட்டத்தைத் தூக்கி எறியாதீர்கள். மெழுகுதிரிக்கு மேலே சூடாக்கி இழுத்தால் அன்ரெனாக் கம்பி. துண்டாக்கி மொடல் பசைப் போத்தலில் கரைத்தால் அதே பிளாஸ்டிக்கில் நிரப்பு. அது இறுகிய பின் சுற்றியுள்ள பிளாஸ்டிக் போலவே தேயும், கோடும் கீறலாம். துப்பாக்கிக் குழாய்க்குப் புதிய ஊசி மருந்து ஊசியைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. பாவித்த ஊசியைத் தொடவே வேண்டாம்.

விசுவமடு: அண்ணா, தம்பி ஒரு மிராஜ் கிட்டைக் கிபிராக மாற்றப் பார்க்கிறான். முன்னால் இரண்டு சின்ன இறக்கை ஒட்டினால் போதுமா? அம்மாவுக்கோ அந்த விமானம் வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை.

தங்கச்சி, இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இஸ்ரேலியப் போர்விமானமான கிபிர் 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்தது. அதற்குப் பிறகு வன்னியில் அதன் இரைச்சலைக் கேட்டுப் பங்கருக்குள் ஓடாத வீடு இல்லை. அம்மா வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். மொடல் கட்டுவது விமானத்தைப் புகழ்வதற்கல்ல என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம், நான் அதை நம்புகிறேன். ஆனால் அதை அவரிடம் வாதாடி வெல்லத் தேவையில்லை. தம்பிக்கு முக்கோண இறக்கைதான் ஆசை என்றால் அந்தக் கிட்டை மிராஜாகவே, பிரெஞ்சு நிறத்தில், கட்டச் சொல்லுங்கள். அதற்கும் அம்மா சம்மதிக்கிறாரா என்று கேட்டுவிட்டு.

தொழில்நுட்பக் கேள்விக்கு: போதாது. கிபிர் மிராஜ் 5 இலிருந்து வந்தாலும் உள்ளே அமெரிக்க ஜே79 எஞ்சின். அதனால் பின் உடல் கட்டையாகவும் அகலமாகவும் ஆனது, காற்று உள்வாங்கிகள் பெருத்தன, வால்செட்டையின் அடியில் ஒரு பெரிய காற்றுக்குழல் வந்தது. பின் உடலை விட்டுவிட்டு முன் இறக்கைகளை மட்டும் ஒட்டினால் அது மிராஜும் இல்லை, கிபிரும் இல்லை.

மாங்குளம்: ஸ்பிட்ஃபயரின் விமானி அறைக் கண்ணாடி தட்டையாக இருக்கிறது. படங்களில் பக்கமெல்லாம் புடைத்திருக்கிறதே?

படங்கள்தான் சரி. மிக ஆரம்பகால விமானங்களை விட்டால், பின்னால் தள்ளித் திறக்கும் கூடு புடைத்தே இருக்கும். கிட்டின் கண்ணாடிக்குள் கராஜில் வாகனத்துக்குப் பூசும் இரண்டு கலவைப் பட்டியை நிரப்பி அச்சு எடுங்கள். உட்பக்கத்தில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் கழன்று வரும். அந்த அச்சில் பக்கங்களுக்கு மேலும் பட்டி பூசி, புடைப்பு வரும்வரை வோட்டர்பேப்பரால் தேயுங்கள். அச்சில் ஒரு கீறல் இருந்தால் கண்ணாடியிலும் அது வரும், ஆகவே 1000 இலக்கம் வரை போங்கள். பிறகு கண்ணாடிபோன்ற சோடாப் போத்தலுக்குள் அச்சை ஒரு குச்சியில் வைத்து நுழைத்து, வெளியே இருந்து சூடான காற்று அடித்தால் போத்தல் சுருங்கி அச்சில் ஒட்டிக்கொள்ளும். போன் திருத்தும் கடைகளில் அந்தக் காற்று அடிக்கும் கருவி இருக்கும், ஐந்து நிமிட வேலைதான். போத்தலின் தடிப்பு அச்சின் மேல் வரும் என்பதால் அச்சை ஒரு மயிரிழை சிறிதாக வைத்திருங்கள்.

ஒட்டுவதற்கு வெள்ளை மரப்பசை. மொடல் பசை போத்தல் பிளாஸ்டிக்கில் பிடிக்காது. சுப்பர் குளூ போட்டால் கண்ணாடி வெண்புகை பூக்கும். மாரி காலத்து ஈரக்காற்றில் அது இன்னும் மோசம்.

மல்லாவி: திருத்த உறுப்பாக வாங்கிய ரெசின் (வார்ப்புப் பிசின்) இறக்கை வளைந்து வந்திருக்கிறது.

கை தாங்கும் அளவைவிடக் கொஞ்சம் கூடிய சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்து, தட்டையான கண்ணாடியில் அமுக்கி, குளிர்நீர் ஊற்றுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் மறுபடி வளையலாம், ஆகவே உள்ளே ஒரு உருக்குக் கம்பி வையுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது நனைத்துத் தேயுங்கள், முகமூடி கட்டாயம். அந்தத் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

முல்லைத்தீவு: தகட்டுக்கோடுகள் வாய்க்கால்போல இருக்கின்றன. இறக்கையின் பின்விளிம்பும் தடிப்பு.

0.3 மில்லிமீற்றர் கோடு 1/72 இல் கிட்டத்தட்ட 22 மில்லிமீற்றர் பிளவு. அடிப்பூச்சைத் தூரிகையால் கோட்டில் இரண்டு மூன்று தடவை ஓடவிட்டுத் தேயுங்கள், ஆழம் குறையும். பின்விளிம்பை ஒட்டமுன் உட்பக்கத்திலிருந்து பிளேட்டால் சுரண்டுங்கள். வெளியே தேய்த்தால் கோடுகள் போய்விடும்.

வவுனியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தம்பி, எங்கள் ஊர் ஓடுபாதையில் நின்ற போஃபைட்டர் ஒன்று கட்ட ஆசை. கிட்டில் வால் தட்டையாக இருக்கிறது. சரியா?

சேர், இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் பிடித்தது. இரண்டாம் உலகப்போரில் வவுனியா ஓடுபாதை பிரித்தானிய விமானப்படையுடையது. 22ஆம், 217ஆம் ஸ்குவாட்ரன்களின் (விமான அணிகளின்) போஃபோர்ட் குண்டுவீச்சு விமானங்களும், 89ஆம் ஸ்குவாட்ரனின் இரவுப் போர் போஃபைட்டர்களும் அங்கே நின்றன. ஆரம்ப போஃபைட்டர்களில் கிடைவால் தட்டைதான். பிறகு அதை 12 பாகை மேலே உயர்த்தினார்கள். மார்க் 6 இல் பெரும்பாலும் உயர்ந்த வால். ஆனால் நீங்கள் கட்டும் குறிப்பிட்ட விமானத்தின் படத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

உயர்ந்ததுதான் என்றால் வாலை உடலுக்குள் செருகும் நாக்குகளை வெட்டிவிட்டு, அடிமுகத்தைச் சாய்வாக அராவுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு துளை இட்டுக் கடதாசிக் கிளிப் கம்பியை ஊசியாக வையுங்கள். 12 பாகை என்றால் அடியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு 10 மில்லிமீற்றருக்கும் நுனி 2.1 மில்லிமீற்றர் உயர வேண்டும். அந்தக் கணக்கில் தடித்த மட்டையில் இரண்டு ஆப்பு வெட்டி, வாலுக்குக் கீழே இரு பக்கமும் கொடுத்து நிறுத்துங்கள். இறக்கையும் வாலும் சமமாக நிற்கின்றனவா என்று பின்னால் இருந்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். அது சரி என்றான பிறகு மெல்லிய பசையை இணைப்பில் ஓடவிட்டு, காயும்வரை ஆப்புகளை எடுக்காதீர்கள். முழு இறக்கை 1/72 இல் 245 மில்லிமீற்றர் வர வேண்டும், அதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.