கத்திப் பிடிக்கு மான் கொம்பு: வாங்குவதற்கு முன்

கேள்வி: தாத்தா பயன்படுத்திய கத்தி ஒன்று வீட்டில் இருக்கிறது. இரும்பு நன்றாக இருக்கிறது, பிடிதான் வெடித்துவிட்டது. பழைய பிடி மான் கொம்பு என்று ஆசாரி சொல்கிறார். புதுச்சேரியில் பழைய பொருள் விற்பவர் ஒருவர் இரண்டு கொம்புத் துண்டுகள் காட்டினார். துண்டு 4,000 ரூபாய். "பிரெஞ்சுக்காரர் காலத்து பங்களாவில் இருந்தது, தானாக உதிர்ந்த கொம்பு, ஒரு பிரச்சினையும் வராது" என்கிறார். அது அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? கடமான், புள்ளிமான் இரண்டில் பிடிக்கு எது நல்லது? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: வாங்காதீர்கள். அந்தத் துண்டு போலியாக இருந்தால் உங்கள் 4,000 ரூபாய் போகும், அவ்வளவுதான். அசலாக இருந்தால்தான் உண்மையான ஆபத்து. அசலா என்று எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லித் தருகிறேன். ஆனால் அதைக் கடையில் செய்து பார்க்க வேண்டாம், வீட்டில் இருக்கும் பழைய பிடியில் செய்து பாருங்கள்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் கடமானும் (மிளா என்பதும் இதுதான்) புள்ளிமானும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றின் கொம்பையும் அந்தச் சட்டம் அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தானாக உதிர்ந்ததா, வேட்டையாடி வெட்டியதா என்ற கேள்வி இங்கே உங்களைக் காப்பாற்றாது. காட்டில் கீழே கிடந்து எடுத்தாலும் அது அரசின் சொத்து. கையில் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ வன அதிகாரியிடமோ சொல்லியாக வேண்டும். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாங்கி விற்கிற வியாபாரம் என்று வழக்கு போனாலோ, விலங்கு சட்டத்தின் முதல் அட்டவணையில் (மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள விலங்குகளின் பட்டியல்) இருந்தாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும். பொருள் உங்களிடம் இருந்தது என்று நிரூபணமாகிவிட்டால், அது முறையாக வந்தது என்று காட்டும் பொறுப்பும் உங்கள் தலையில்தான். விற்றவர் அப்போது பக்கத்தில் நிற்க மாட்டார்.

உதிர்ந்த கொம்பு என்பதற்கு அவர் காட்டும் அடையாளம் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருப்பார். உதிர்ந்த கொம்பின் அடி சற்றே புடைத்து, சொரசொரப்பாக, சுற்றிலும் ஒரு வளையத்தோடு இருக்கும். கொன்று எடுத்த கொம்பில் மண்டை ஓட்டுத் துண்டு ஒட்டியிருக்கும், ரம்பத்தால் அறுத்த தடம் இருக்கும். அவர் காட்டியது நிஜம்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மான் செத்துப் போகவில்லை என்பதற்கு அது சாட்சி. நீங்கள் வாங்கலாம் என்பதற்குச் சாட்சி ஆகாது. இந்த இரண்டையும் குழப்பித்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர் காலம் என்ற பேச்சும் அப்படித்தான். புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1-இல், சட்டம் வந்தது 1972-இல். ஆகவே பழைய பங்களாச் சுவர்களில் கொம்பு மாட்டியிருந்தது நடந்த கதைதான். ஆனால் வயது அனுமதி ஆகாது. அப்படி வைத்திருந்தவர்கள் அரசிடம் அறிவித்து உரிமைச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். 2003-இல் கூட அறிவிக்காதவர்களுக்கு 180 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் முடிந்துபோன கதை. சரி, அவரிடம் சான்றிதழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்திருக்கிறவரும் விற்க முடியாது. சான்றிதழ் என்பது வீட்டில் வைத்துக்கொள்ளத்தான். எனவே "பேப்பர் இருக்கு சார்" என்று ஒருவர் சொன்னால், இன்னும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

உடனே எல்லோரும் கேட்பது மயிலிறகு. கோயில் வாசலிலும் கடற்கரையிலும் பகிரங்கமாக விற்கிறார்களே, மயிலும் பாதுகாக்கப்பட்டதுதானே, அதுவும் உதிர்வதுதானே, அதற்கு ஒரு நியாயம் கொம்புக்கு ஒரு நியாயமா? கேள்வி நியாயமானதுதான். பதில் சட்டத்தின் வாசகத்தில் இருக்கிறது. மயிலின் தோகை இறகையும் அதில் செய்த பொருள்களையும் சட்டமே பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. விலக்கு மயில் என்ற பறவைக்குக் கிடையாது, அதன் வால் தோகைக்கு மட்டும். மயிலின் காலையோ தலையையோ வைத்திருந்தால் அது குற்றம். உயிருள்ள மயிலிடமிருந்து பிடுங்கிய இறகும் அந்த விலக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியாது. உதிர்கிறது என்பதற்காகக் கிடைத்த விலக்காக இருந்தால் கொம்புக்கும் கிடைத்திருக்கும். அப்படி இல்லை. தோகைக்கு மட்டும் தனியாக எழுதினார்கள், உதிர்ந்த கொம்புக்கு எழுதவில்லை. எழுதாததை நாமே எழுதிக்கொள்ள முடியாது. இவ்வளவு நீளமாக இதைச் சொல்வதற்குக் காரணம், தரகர்கள் எல்லோருக்கும் இந்த மயிலிறகு உதாரணம் மனப்பாடம்.

இனி உங்கள் தாத்தா கத்தி. ஆசாரி சொன்னார் என்பதற்காக அது மான் கொம்பு ஆகிவிடாது. பழைய பிடிகளில் மான் கொம்பு என்று நம்பப்படுபவற்றில் எருமைக் கொம்பு, மாட்டு எலும்பு, வார்ப்புப் பிளாஸ்டிக் எல்லாம் உண்டு. மான் கொம்பு உண்மையில் எலும்பு. நம் நாட்டு மான்களில் ஆணுக்கு மட்டும் முளைத்து, உதிர்ந்து, திரும்ப முளைக்கும். குறுக்கே அறுத்த இடத்தைப் பாருங்கள். வெளியே கெட்டியான வெள்ளை ஓடு, நடுவில் பொடிப்பொடித் துளைகளோடு மெத்தென்ற பாகம். கடமான் கொம்பில் ஓடு தடிமன், நடுப்பாகம் குறைவு, மேல்தோல் கரடுமுரடு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தியக் கொம்பைத் தேடித் தேடி வாங்கியது இதனால்தான். புள்ளிமான் கொம்பு அதைவிட மெலிவு, மேல்பக்கமும் வழவழப்பு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இது. ஆனால் இதைத் தெரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எருமை, மாடு, ஆடு இவற்றின் கொம்பு வேறு சாதி. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே கெரட்டின்தான் அதுவும். உள்ளே இருக்கும் எலும்பை எடுத்துவிட்டால் குழல் போல ஆகிவிடும், நுனி மட்டும் கெட்டி. கோடியக்கரையில் திரிகிற வெளிமானின் முறுக்குக் கொம்பும் இந்த வகைதான். அதனால் அது தொடத் தக்கது என்று நினைத்துவிட வேண்டாம், வெளிமான் முதல் அட்டவணை விலங்கு. மாட்டு எலும்பில் நடுவே மெத்தென்ற பாகம் இருக்காது, பாலிஷ் செய்த பரப்பில் மெல்லிய கருங்கோடுகளும் புள்ளிகளும் தெரியும். அதைச் செதுக்கிச் சாயம் ஏற்றி மான் கொம்பு மாதிரி செய்வது பழைய வித்தை. பிளாஸ்டிக் என்றால் இரண்டு பக்கத்துப் பள்ளங்களும் ஒரே அச்சாக இருக்கும், ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு தெரியும்.

சந்தேகம் தீரவில்லையென்றால், பிடியின் உட்பக்கத்தில் மறைவான ஓர் இடத்தில் சூடான ஊசியை லேசாக வையுங்கள். முடி கருகிய வாடை வந்தால் எருமையோ மாடோ. பல் டாக்டரிடம் பல்லைக் குடையும்போது வருமே, அந்த வாடை வந்தால் எலும்பு அல்லது மான் கொம்பு. ஊசி உள்ளே இறங்கி ரசாயன வாடை அடித்தால் பிளாஸ்டிக். தீக்குச்சியை மட்டும் காட்டாதீர்கள். பழைய பிடிகளில் செல்லுலாய்டு உண்டு, அது குபீரென்று பற்றிக்கொள்ளும்.

சோதித்து, மான் கொம்பு என்று தெரிந்தால் என்ன செய்வது? வழிவழியாக வந்ததை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. பரம்பரையாகக் கைக்கு வந்த 90 நாளுக்குள் தலைமை வனவிலங்கு பாதுகாவலரிடம் அறிவிக்க வேண்டும். தாத்தா காலத்தில் யாரும் அறிவிக்கவே இல்லை என்றால்? அங்கேதான் எனக்கு எரிச்சல் வருகிறது. பெட்டியில் ஒரு பழைய கத்தி கிடக்கிற குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதை எளிய தமிழில் ஒரே ஒரு பக்கம் அச்சடித்து ஒவ்வொரு வனச்சரக அலுவலகத்திலும் ஒட்டிவைக்க எத்தனை செலவு ஆகிவிடும்? சட்டத்தை இவ்வளவு கடுமையாக எழுதியவர்கள், அதற்குக் கட்டுப்பட நினைக்கிறவன் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மட்டும் எழுதாமல் விட்டார்கள். கண்ணால் பார்த்து எந்த விலங்கு என்று உறுதி சொல்லவும் உள்ளூரில் ஆள் கிடைப்பது கஷ்டம். மாதிரியை வண்டலூரிலோ டேராடூனிலோ உள்ள வனவிலங்கு ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். தைரியமாகப் போய்ச் சொல்கிறவன் பயப்படுகிறான், சொல்லாமல் ஒளிக்கிறவன் நிம்மதியாக இருக்கிறான். இருந்தாலும் என் யோசனை, ஒரு வழக்கறிஞரோடு பேசிவிட்டு நீங்களாகவே போய் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுத்த கடிதத்துக்கு ஒப்புதல் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். அதுவரை அந்தக் கத்தியைப் பழுதுபார்க்கப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்குப் பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம், சட்டத்துக்கு வேறு ஆட்சிப்பகுதி. சான்றிதழ் இருக்கிறவர்களே அப்படி எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 30 நாளுக்குள் அங்குள்ள அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

எருமைக் கொம்பாகவோ எலும்பாகவோ இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. புதுப் பிடிக்கும் நான் எருமைக் கொம்பைத்தான் சொல்வேன். வளர்ப்பு எருமையுடையது, சட்டச் சிக்கல் கிடையாது. உத்தரப் பிரதேசத்தின் சம்பல், ஒடிசாவின் பர்லாகெமுண்டி ஊர்க் கைவினைஞர்கள் இதிலேயே வாழ்கிறார்கள். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட விலங்கான காட்டுமாட்டின் கொம்பை எருமைக் கொம்பு என்று தள்ளிவிடுவார்கள். வளர்ப்பு எருமைக் கொம்பு தட்டையாக, ஏறக்குறைய முக்கோணமாக, குறுக்கு வரிகளோடு இருக்கும், முழுக்கக் கறுப்பு. காட்டுமாட்டுக் கொம்பு உருண்டு, வழவழவென்று, மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் நுனி மட்டும் கறுத்திருக்கும். முழுக் கொம்பாகக் காட்டச் சொல்லுங்கள். அறுத்த துண்டு மட்டும் காட்டினால் வேண்டாம்.

வாங்கும்போது நுனிப்பக்கம் கெட்டியான துண்டாகப் பாருங்கள். அறுத்த முகத்தில் ஏடு ஏடாகப் பிரிந்த கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள், நம் கடலோர ஈரத்தில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. புதிதாக எடுத்த கொம்பு என்றால் நிழலில் சில மாதம் காய வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். சின்னப் பொடித் துளைகள் இருந்தால் பூச்சி அரித்தது, அதையும் தவிருங்கள். தாத்தா கத்தியால் மீன் வெட்டப் போகிறீர்கள் என்றால் கொம்பே வேண்டாம், கை ஈரமானால் வழுக்கும். நன்றாகக் காய்ந்த புளிய மரமோ, பண்ருட்டிப் பக்கம் கிடைக்கிற பழைய பலாக் கட்டையோ போடுங்கள், பிடிமானம் நன்றாக இருக்கும்.

ஆசாரியிடம் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். கொம்பில் துளை போடும்போது மெதுவாக, விட்டு விட்டுப் போடட்டும். கருகிய வாடை வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், சூடேறிய கொம்பு பிற்பாடு துளையைச் சுற்றி வெடிக்கும். இழைக்கும்போது தண்ணீர் தொட்டு இழைக்கட்டும், மூக்கு வாய் மூடிய மாஸ்க் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கத்தியின் இரும்பு வாலை (பிடிக்குள் போகிற பாகம்) உள்ளே பதிக்க அரக்கோ அரால்டைட்டோ போதும். பட்டைப் பிடி (இரண்டு பக்கமும் பட்டை வைத்து ரிவிட் அடிப்பது) என்றால் ரிவிட்டை அறைந்து இறுக்காமல், ஈரத்துக்குக் கொம்பு ஊதிச் சுருங்க மயிரிழை இடம் விடச் சொல்லுங்கள்.