நண்டு யாரைப் பிடித்தது?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் எழுத்து எனக்குப் பிடிக்கும். எனக்கு ஊர் தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். தினமும் காலையில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரிக்குப் போய் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. போன வாரம் ஒரு பக்க ஆங்கிலக் கதையைக் கொடுத்து மொழிபெயர்த்து வரச் சொன்னார்கள். ஆற்றில் துடுப்புப் படகுப் போட்டி. முடியப் போகிற நேரத்தில் ஒருவன் 'காட் எ க்ராப்' என்று வருகிறது. "அவன் ஒரு நண்டைப் பிடித்து மல்லாக்க விழுந்தான்" என்று எழுதிவிட்டேன். செல்போனில் போட்டுப் பார்த்தேன், அதுவும் நண்டு என்றே சொன்னது. வீட்டில் வாசித்துக் காட்டியதுதான் தப்பாகப் போயிற்று. தாத்தா வத்தை என்கிற நாட்டுப்படகில் கடல் தொழிலுக்குப் போகிறவர். "ரெண்டு கையும் துடுப்புல இருக்கு. நண்டை வாயாலயா புடிச்சான்?" என்று கேட்டார். ஒரு வாரமாக அதையே பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

அகராதியைத் திறந்தால் அந்தக் 'காட்'டுக்கு மூலமான 'கேட்ச்' என்ற ஒரு சொல் பத்தி பத்தியாகப் போகிறது. சளிக்கும் அதுதான், தீக்கும் அதுதான், மாப்பிள்ளைக்கும் அதுதான். போதாக்குறைக்குப் பத்திரிகைகளில் 'கேட்ச் 22' வேறு. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று ஒழுங்காக இருக்க, ஆங்கிலம் மட்டும் ஏன் இப்படி? மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா?

இப்படிக்கு,
தொண்டிப் பக்கத்து வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அகராதியும் செல்போனும் கேட்காத கேள்வியை அவர் கேட்டிருக்கிறார்.

அந்த வாக்கியத்தில் நண்டே கிடையாது. துடுப்புப் போட்டியில் படகு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது துடுப்பின் தட்டை கொஞ்சம் கோணலாகத் தண்ணீரில் இறங்கிவிட்டால், தண்ணீர் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே எடுக்க வராது. படகு நிற்குமா? அது தன் வேகத்தில் போகும். அப்போது துடுப்பின் மறுமுனை திரும்பி வந்து ஆளின் நெஞ்சில் இடிக்கும். ஆள் மல்லாக்க விழுவான், சில சமயம் படகை விட்டே வெளியே போய்விடுவான். கீழே ஏதோ ஒரு பெரிய நண்டு துடுப்பைக் கவ்விக்கொண்ட மாதிரி இருக்கிறதாம். அதற்குத்தான் அந்தப் பெயர்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கவ்வியது நண்டு. மாட்டிக்கொண்டது மனிதன். ஆங்கிலக்காரன் அதை எப்படிச் சொல்கிறான்? 'இவன் நண்டைப் பிடித்தான்' என்கிறான். அடி வாங்கியவனையே எழுவாயாக உட்கார வைத்துவிட்டான். உங்கள் குழப்பம் அத்தனைக்கும் சாவி இங்கேதான் கிடக்கிறது என்பது என் எண்ணம். இந்தப் பாடத்தை நான் சம்பளம் கொடுத்துக் கற்றேன்.

சின்ன வயதில் மண்டபம் பக்கம் ஒரு இறால் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒருமுறை காய்ச்சலில் படுத்து, எழுந்து வந்து ஆங்கிலத்தில் லீவு லெட்டர் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால்தான் மேனேஜர் மதிப்பார். 'ஃபீவர் ஹேஸ் காட் மீ' என்று எழுதியிருந்தேன். காய்ச்சல் பிடித்தது, அவ்வளவுதானே? மேனேஜர் சிவப்பு மையால் அந்த வரியைச் சுழித்து, ஓரத்தில் 'உன்னைத் துரத்திக்கொண்டு வந்ததா?' என்று ஆங்கிலத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார். ஆபீஸே சிரித்தது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவர். ஒரு நாள் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்.

ஆங்கிலத்தில் மனிதன்தான் சளியைப் பிடிக்க வேண்டும், காய்ச்சலைப் பிடிக்க வேண்டும். நமக்கு அது கேட்கவே வேடிக்கையாக இருக்கும். யாராவது போய்ச் சளியைப் பிடித்துக்கொண்டு வருவார்களா? நமக்குச் சளிதான் வந்து பிடிக்கும். அதுபோலத்தான் பேயும், சனியும், பைத்தியமும். நாம் சும்மா உட்கார்ந்திருப்போம், அவை வரும்.

வேடிக்கை என்னவென்றால், மேனேஜர் கிண்டலுக்கு எழுதியது சரித்திரப்படி சரி. 'கேட்ச்' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் துரத்துவதுதான். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது அவர்களோடு கப்பல் ஏறி வந்த பிரெஞ்சுச் சொல் அது. மூலம் லத்தீன், எடுப்பது பிடிப்பது என்ற பொருள் கொண்ட வேர். வடக்குப் பிரான்சில் அதைக் ககரத்தில் தொடங்கினார்கள், பாரிஸ் பக்கம் சகரத்தில் தொடங்கினார்கள். ககரம் 'கேட்ச்' ஆயிற்று, சகரம் 'சேஸ்' ஆயிற்று. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ரொம்ப நாள் இரண்டுமே துரத்திக்கொண்டுதான் திரிந்தன. அப்புறம் அண்ணன் துரத்தலைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பிடிப்பதை மட்டும் வைத்துக்கொண்டான். இறந்தகாலத்தில் அது 'காட்' என்று முறை தவறி வருகிறதே, அது 'லாட்ச்' என்ற இங்கிலீஷ் வினையைப் பார்த்துப் போட்டுக்கொண்ட சட்டை. அந்தச் சொல்லுக்கும் பிடிப்பது என்றுதான் அப்போது பொருள். இப்போது கதவுத் தாழ்ப்பாளில் போய் ஒதுங்கிவிட்டது.

தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே இன்னொரு தரம் வாசியுங்கள். என் எழுத்து உங்களுக்குப் பிடிக்கிறது. பஸ்ஸைப் பிடிக்கிறீர்கள். தாத்தா ஒரே பேச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நண்டை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலே நாலு. ஒரு அகராதியையும் திறக்காமல் நாலையும் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். பிடித்துவைத்த கொழுக்கட்டை, பிடித்துவிடச் சொல்லும் கால், அடம் பிடிக்கும் பிள்ளை, பாசி பிடித்த படிக்கட்டு, துரு பிடித்த நங்கூரம், பிடி கொடுக்காமல் பேசும் சம்பந்தி என்று நான் அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழ் கற்கவரும் ஆங்கிலேயனும் இப்படித்தான் யாருக்காவது கடிதம் எழுதிக்கொண்டிருப்பான்.

அவனை நிச்சயம் முழிக்க வைக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. 'எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது.' இதில் எழுவாய் எங்கே? எனக்கு என்பது நான்காம் வேற்றுமை. அவளை என்பது இரண்டாம் வேற்றுமை. பிடித்தது யார்? ஆளே இல்லை. சளி பிடித்தது என்றாலாவது சளி என்று ஒன்று இருக்கிறது. இங்கே அதுவும் இல்லாமல் பிடிப்பு மட்டும் நடக்கிறது. ஊரில் எத்தனையோ காதல் இந்த எழுவாய் இல்லாத வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு 'கேட்ச்' உதவாது. வேறு சொல்லிடம் போக வேண்டும், அங்கேயும் 'நான்' முதலில் வந்து நிற்பான்.

மாப்பிள்ளை விஷயம் எளிது. நல்ல கேட்ச் என்றால் புளியங்கொம்பாகப் பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். கையும் களவுமாகப் பிடிப்பதும் இரண்டு மொழியிலும் ஒன்றுதான், அவர்கள் கை சிவந்திருக்கும் என்பார்கள். யாராவது ஒரு பொருளை ரொம்ப மலிவாகக் கொடுத்தால் 'இதில் என்ன கேட்ச்?' என்று கேட்பது, நாம் 'இதில் என்ன வில்லங்கம்?' என்று கேட்பது. கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் பையன்கள் மணலில் நின்று "கேட்ச் புடிடா" என்று கத்தும்போது ஒரே காரியத்துக்கு இரண்டு மொழியிலும் ஆணை போடுகிறார்கள். அப்படியும் பந்து நழுவித்தான் போகிறது.

'கேட்ச் 22' ஜோசப் ஹெல்லர் 1961-ல் வெளியிட்ட நாவலின் தலைப்பு. இரண்டாம் உலகப் போரில் குண்டு போடும் விமானத்தில் போகிறவனுக்குப் பைத்தியம் என்றால் அவனை நிறுத்திவிடலாம், ஆனால் அவனே வந்து கேட்க வேண்டும். உயிருக்குப் பயந்து வந்து கேட்கிறவனுக்குப் பைத்தியம் எப்படி இருக்கும்? ஆகவே போய்க் குண்டு போடு. இந்த விதிக்குத்தான் அந்தப் பெயர். இதற்குத் தமிழ் தேடி நீங்கள் அலைய வேண்டாம். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று நம் பாட்டிமார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பைத்தியம்கூட இரண்டு பக்கமும் இருக்கிறது பாருங்கள்.

இப்போது உங்கள் கரைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வேலையாகத் தேவிபட்டினம் போயிருந்தேன். விடிந்து கொஞ்ச நேரம். நண்டு வலையைக் கரையில் விரித்துப் போட்டுப் பெண்கள் நீலக்கால் நண்டைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். நண்டு வலையில் மாட்டியிருக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். கிட்டே குனிந்து பார்த்தால் நண்டும் வலையைக் கொடுக்கால் இறுக்கிக்கொண்டிருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் கொடுக்கு ஒடியும், ஒடிந்தால் விலை போகாது. ஒரு அம்மா நண்டை அசையாமல் வைத்துக்கொண்டு நூலை ஒவ்வொரு கண்ணாக விலக்கினார். அது விடுகிற வரைக்கும் காத்திருந்தார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அந்த வழியாக வந்தவர், "என்ன தாயி, பாடு எப்படி?" என்று கேட்டார். "எங்கண்ணே, ஒண்ணும் பெருசாப் படல" என்றார் அந்த அம்மா, கையை நிறுத்தாமல்.

பிடித்தோம் என்று அவர் சொல்லவில்லை. நம் கடற்கரையில் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டது குறைவு. மீன் படும், அல்லது படாது. கிடைத்த மீனுக்குப் பெயர் பாடு. ஆங்கிலத்தில் அதே மீனுக்குப் பெயர் 'கேட்ச்', பிடித்தவனின் கணக்கில் எழுதிய பெயர். நம்முடையது மீனின் கணக்கில் எழுதிய பெயர். இதைப் பெரிய கடல் தத்துவமாக்கிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள். முன்பணம் கொடுத்த வியாபாரி கரையில் நிற்கும்போது 'நான் பிடிக்கவில்லை' என்பதைவிட 'படவில்லை' என்று சொல்வது வசதி என்பதும் இதில் உண்டு. பாடு என்ற அதே சொல்தான் பாடுபடுவதிலும் படாத பாட்டிலும் வருகிறது என்பதை உங்கள் தாத்தாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கரையில் 'பிடி'க்கு இன்னொரு பொருளும் உண்டு. ராத்திரி தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ ஒரு வீட்டில் போன் அடித்து "புடிச்சிட்டாங்களாம்" என்று ஒரு குரல் சொன்னால், எதை என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை படகு, எத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள். 1974-லும் 1976-லும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் கடலில் இழுத்த கோடு, தாண்டுகிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் நம் பத்திரிகை 'சிறைபிடிப்பு' என்று தலைப்புப் போடும். ஆங்கிலப் பத்திரிகை 'கேட்ச்' என்று போடாது, அதற்கு மீன் வாசம் அதிகம். 'அப்ரிஹெண்ட்' என்று போடும். அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள்: கைது செய்வது, புரிந்துகொள்வது. அதுவும் பற்றிக்கொள்வது என்ற லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். நம் 'பிடிபடு'க்கும் அதே இரண்டு பொருள் இருப்பதைக் கவனித்தீர்களா? படகுக்காரர் பிடிபட்டார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடியும் படுவும் சேர்ந்து நிற்கிற சொல் அது. அதைத்தான் நீங்கள் கடிதத்தில் சாதாரணமாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

மனப்பாடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், நிற்காது. ஆங்கில வாக்கியத்தில் 'கேட்ச்' வரும்போதெல்லாம் யார் யாரைப் பிடித்தது என்று தாத்தா மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, தமிழில் எழுதும்போது அது தலைகீழாகிறதா என்று மட்டும் பாருங்கள். பாதிக்கு மேல் ஆகும்.

சரி, உங்கள் வாக்கியம். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'துடுப்பைத் தண்ணீர் கவ்விக்கொண்டது, துடுப்பின் பிடி நெஞ்சில் இடித்து அவன் மல்லாக்க விழுந்தான்.' பொருள் வந்துவிடுகிறது. ஆனால் நண்டு போய்விட்டது, அதோடு அந்தச் சிரிப்பும் போய்விட்டது. எனக்குத் திருப்தி இல்லை.

துடுப்பு இப்படி உள்ளே இழுத்துக்கொண்டு அடிப்பது வத்தைக்காரர்களுக்குத் தெரியாத விஷயமாக இருக்காது. அதற்கு உங்கள் ஊரில் ஒரு பேச்சு இருக்கும். தாத்தாவிடம் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்குக் கிடையாது. அதனால் அவர் கரைக்கு வந்து, வலையை உதறிப் போட்டு, டீ குடித்து முடிக்கிற நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள், திருத்தாமல்.

அன்புடன்.