200 நாள் கோட்டுக்குக் கீழே ஓ.என்.ஜி.சி.: விற்பதா, வைத்திருப்பதா?

பங்குச் சந்தை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2004இல் மத்திய அரசு தன் கையிலிருந்த ஓ.என்.ஜி.சி. பங்குகளை விற்றபோது 50 பங்குகள் வாங்கினேன். போனஸ் (இலவசமாகத் தரும் கூடுதல் பங்குகள்), முகமதிப்புப் பிரிப்பு (ஒரு பங்கை இரண்டாக்குவது) எல்லாம் சேர்ந்து இன்று அது 450 ஆகியிருக்கிறது. "விலை 200 நாள் மூவிங் ஆவரேஜுக்குக் கீழே போய்விட்டது, உடனே விற்றுவிடுங்கள் மாமா" என்று என் மருமகன் தினமும் போன் செய்கிறார். அந்தக் கோட்டை நம்பி விற்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: ஐயா, உங்கள் மருமகன் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அந்தக் கோட்டுக்குத் தெரிந்த விஷயம் மிகக் குறைவு. கடைசி 200 வர்த்தக நாட்களின் இறுதி விலைகளைக் கூட்டி 200ஆல் வகுத்தால் வருவதுதான் அது. சனி, ஞாயிறு, விடுமுறைகளைக் கழித்தால் ஏறத்தாழ ஒன்பதரை மாதக் கணக்கு. விலை அதற்குக் கீழே இருந்தால், இந்த ஒன்பதரை மாதத்தின் சராசரி விலையைவிட இன்று சந்தை குறைத்துக் கேட்கிறது என்று பொருள். பங்கு மலிவா, விலை அதிகமா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

செகண்ட் லைன் பீச்சில் சென்னைப் பங்குச் சந்தை இயங்கிய காலத்தில், அங்கே ஒரு தரகர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மாலை நேரங்களில் கிராப் தாளில் இந்தக் கோட்டை நாங்கள் கையால் வரைவோம். அப்போது பழகிய முறையைத்தான் எரிசக்திப் பங்குகளுக்கு இன்றும் கடைப்பிடிக்கிறேன்: பங்கின் கோட்டை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. அதன் கீழே கச்சா எண்ணெய் விலைக்கும் அதே கால அளவில் ஒரு சராசரிக் கோடு வரைந்துவிடுவேன்.

ஓ.என்.ஜி.சி. தான் எடுக்கும் கச்சா எண்ணெய்க்குத் தானே விலை வைக்க முடியாது. பாம்பே ஹையில் தோண்டினாலும் காவிரிப் படுகையில் தோண்டினாலும் உலகச் சந்தை விலையை ஒட்டித்தான் பணம் வரும். ஆகவே உலக விலைக்கு அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெயும் தன் 200 நாள் சராசரிக்குக் கீழே இருந்து, பங்கும் கீழே இருந்தால், அது எண்ணெய் விலை ஏறி இறங்கும் சுழற்சி. அப்படிப்பட்ட இறக்கங்கள் வரும், போகும். 2020 மார்ச்சில் இந்தப் பங்கு 60 ரூபாய்க்கும் கீழே போனது. அடுத்த மாதமே அமெரிக்க எண்ணெய் முன்பேர ஒப்பந்தம் ஒன்றின் விலை சுழியத்துக்குக் கீழே, மைனஸ் 37 டாலருக்குப் போன விசித்திரமும் நடந்தது. பிறகு அதே பங்கு 2024 ஆகஸ்டில் 340 ரூபாயைத் தாண்டியது.

எண்ணெய் தன் கோட்டுக்கு மேலே இருக்கும்போது பங்கு மட்டும் சரிகிறதா? அப்போதுதான் நிமிர்ந்து உட்கார வேண்டும். நிறுவனத்துக்குள் ஏதோ நடக்கிறது, அல்லது டெல்லியில் ஏதோ நடக்கிறது. 2022 ஜூலை 1ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். பிரெண்ட் 100 டாலருக்கு மேலே இருந்தது. அன்று உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு ஒரு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரியை அரசு அறிவித்தது. ஒரே நாளில் பங்கு 10 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. முந்தைய நாள் வரை எந்தச் சராசரிக் கோட்டிலும் அதற்கான தடயம் இல்லை. அந்த வரி 2024 டிசம்பரில்தான் முழுதாக விலக்கப்பட்டது. அதற்கும் முன்னால், 2013–14இல், டீசல், சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய் மானியச் சுமையில் 56,000 கோடி ரூபாய்க்கு மேல் இந்த ஒரு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. உலகச் சந்தையில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்க, இவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது 40 டாலர் சொச்சம்தான். அரசு நிறுவனப் பங்கை வைத்திருப்பவர் சார்ட்டைவிட அரசிதழைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

அடுத்தது இன்னும் முக்கியம். விலைக்குச் சராசரி எடுக்கிறவர்கள் லாபத்துக்குச் சராசரி எடுப்பதே இல்லை. ஓ.என்.ஜி.சி.யின் தனி நிறுவனக் கணக்கில் நிகர லாபம் 2019–20இல் சுமார் 13,400 கோடி. அடுத்த ஆண்டு 11,200 கோடி. அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 40,300, 38,800, 40,500 கோடி. இந்த ஐந்தையும் கூட்டி வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 28,800 கோடி வருகிறது. மொத்தப் பங்குகள் 1,258 கோடி. அதாவது ஐந்தாண்டுச் சராசரியில் ஒரு பங்குக்கு 23 ரூபாய் லாபம். இந்த ஐந்தில் கடைசியான 2023–24ஐ மட்டும் எடுத்தால் 32 ரூபாய். விலை 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடைசி ஆண்டு லாபத்தை வைத்துப் பார்த்தால் விலை லாபத்தைப் போல ஏழரை மடங்கு, அடிமாட்டு விலை என்று தோன்றும். ஐந்தாண்டுச் சராசரியை வைத்துப் பார்த்தால் பத்தரை மடங்கு. எண்ணெய் நிறுவனங்கள் மிக மலிவாகத் தெரியும் நேரம் பெரும்பாலும் லாபம் உச்சியில் இருக்கும் நேரம்தான். முடிந்தால் ஏழு, பத்து ஆண்டுகளுக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். ஆண்டறிக்கைகள் நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருக்கின்றன. பள்ளிக்கூடக் கணக்குதான், உங்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

உங்கள் அடக்க விலையையும் கையோடு போட்டுவிடுகிறேன். 2004இல் 750 ரூபாய் வாக்கில் 50 பங்குகள். 2006இல் இரண்டுக்கு ஒன்று போனஸ், 75 ஆயிற்று. 2011இல் 10 ரூபாய் முகமதிப்பு 5 ஆனதில் 150, உடனே ஒன்றுக்கு ஒன்று போனஸில் 300. 2016இல் மறுபடி இரண்டுக்கு ஒன்று, 450. ஆக, ஒரு பங்கின் அடக்கம் சுமார் 83 ரூபாய். 2020 மார்ச்சில், பதினாறு ஆண்டுகள் வைத்திருந்த பிறகும், டிவிடெண்டை, அதாவது நிறுவனம் தந்த லாபப் பங்கைச் சேர்க்காவிட்டால் நீங்கள் நஷ்டத்தில் இருந்தீர்கள். அன்று விற்காமல் இருந்தவர் நீங்கள். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

விற்பதா வேண்டாமா? இரண்டு ஆண்டுகளுக்குள் இந்தப் பணம் வீட்டுச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ தேவைப்படும் என்றால், கோடு எங்கே இருந்தாலும் பகுதி பகுதியாக விற்று வங்கி வைப்புக்கு மாற்றுங்கள். தேவை இல்லையென்றால், கோடு உடைந்தது என்ற ஒரே காரணத்துக்காக விற்க வேண்டாம். விற்கும் முன் வரிக் கணக்கையும் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளில் ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2018 ஜனவரி 31க்கு முன்னால் வாங்கியவருக்கு அன்றைய சந்தை விலை வரை உயர்ந்த லாபத்துக்கு வரிவிலக்கு உண்டு. ஆடிட்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

மருமகனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2024 இலையுதிர் மாதங்களில் இந்தப் பங்கு தன் 200 நாள் கோட்டை உடைத்துக்கொண்டு இறங்கியது. 2025 தொடக்கத்தில் 220க்குக் கீழேயும் போனது. கோடு உடைந்தபோதே விற்றவருக்கு நல்ல தொகை மிச்சம். மருமகனுக்கு இந்த வழி பிடித்திருந்தால், தினமும் பார்க்காமல் மாதத்தின் கடைசி வர்த்தக நாளில் மட்டும், பத்து மாதச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விலை கோட்டை ஒட்டி மேலும் கீழுமாக அலையும் மாதங்களில் தினமும் பார்ப்பவர் வாங்கி விற்று, விற்று வாங்கி, தரகும் வரியுமாகவே பணத்தைக் கரைத்துவிடுவார்.

கேள்வி: 50 நாள் கோடு 200 நாள் கோட்டை மேல்நோக்கி வெட்டினால் 'கோல்டன் கிராஸ்', கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார்களே?
– கல்லூரி மாணவி, திருப்பூர்

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே பாரம்மா. சராசரிக் கோடு இன்றைய விலையால் மட்டும் நகர்வதில்லை. கணக்கிலிருந்து வெளியேறும் பழைய விலையும் அதைத் தள்ளுகிறது. 200 நாட்களுக்கு முன் விலை 60 ரூபாய். நேற்று 102, இன்று 100. விலை இறங்கியிருக்கிறது. ஆனால் 60 வெளியே போய் 100 உள்ளே வருவதால் சராசரி 20 காசு ஏறுகிறது. பெரிய வீழ்ச்சிக்குப் பிறகு பத்தாவது மாதம் வாக்கில் நீண்டகாலக் கோடுகள் எல்லாம் அழகாக மேல்நோக்கித் திரும்புவதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. கொரோனா வீழ்ச்சியின் மார்ச் விலைகள் 2021 ஜனவரி வாக்கில் கணக்கிலிருந்து உதிர்ந்தபோது எரிசக்திப் பங்குகள் பலவற்றில் இதைப் பார்க்க முடிந்தது. கோடு ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வி கேள்: புதிய விலை ஏற்றுகிறதா, பழைய விலை உதிர்ந்து ஏற்றுகிறதா?

கேள்வி: 200 நாள் கோட்டைப் பார்த்து வாங்கி விற்கும் வழி உண்மையிலேயே பலித்திருக்குமா என்று பார்க்க, பழைய செய்தித்தாள்களிலிருந்து 2015 முதல் 2018 வரை ஓ.என்.ஜி.சி. விலைகளைக் குறித்து, எக்செல்லில் சராசரி போட்டேன். 2016 டிசம்பரில் என் கோட்டுக்குக் கீழே விலை அதலபாதாளத்துக்குப் போகிறது. இணையத்தில் கிடைக்கும் சார்ட்டில் அப்படி ஒன்றும் இல்லை. எது சரி?
– துறைமுக ஊழியர், தூத்துக்குடி

பதில்: இவ்வளவு உழைப்பு போட்டிருக்கிறீர்களே, மிகவும் மகிழ்ச்சி. சார்ட்தான் சரி. அந்த மாதம் இரண்டுக்கு ஒன்று போனஸ் வந்தது. இரண்டு பங்கு மூன்றானால் 300 ரூபாய் விலை 200 ஆகும். யாருக்கும் நஷ்டம் இல்லை. போனஸுக்கு முந்தைய விலைகளை எல்லாம் மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்கிவிட்டு மறுபடி சராசரி போடுங்கள், பள்ளம் மறைந்துவிடும்.

டிவிடெண்டையும் கவனியுங்கள். கோல் இந்தியா, ஓ.என்.ஜி.சி. போன்றவை தாராளமாக டிவிடெண்ட் தருபவை. டிவிடெண்ட் தகுதித் தேதியன்று விலை அந்த அளவுக்கு இறங்கித் தொடங்குவது வழக்கம். பெரும்பாலான சார்ட்டுகள் போனஸைச் சரிசெய்யும், டிவிடெண்டைச் சரிசெய்யாது. கோட்டுக்கு இரண்டு ரூபாய் கீழே விலை இருக்கிறது என்று பதறுமுன், பத்து மாதத்தில் கைக்கு வந்த டிவிடெண்ட் எவ்வளவு என்று பாஸ்புக்கைப் பாருங்கள்.

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கம் திரும்பிய இடமெல்லாம் காற்றாலைதான். காற்றாலை தயாரிக்கும் சுஸ்லான் நிறுவனத்தின் பங்கு 2008இல் 400 ரூபாய்க்கு மேல் விற்றது. அந்த உயரத்தைச் சேர்த்து மிக நீண்ட காலச் சராசரி போட்டால், இன்றைய விலை கொள்ளை மலிவு இல்லையா?
– மளிகைக் கடைக்காரர், நாகர்கோவில்

பதில்: இல்லை அண்ணாச்சி. 2008இல் அந்த நிறுவனத்தின் பங்குகள் சுமார் 150 கோடி. கடன் நெருக்கடி, மறுசீரமைப்பு, புதிய பங்கு வெளியீடு என்று போய் இன்று சுமார் 1,360 கோடி. அன்று 400 ரூபாயில் மொத்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு 60,000 கோடி. 2024 செப்டம்பரில் பங்கு 80 ரூபாயைத் தாண்டியபோது மொத்த மதிப்பு ஒரு லட்சம் கோடிக்கு மேல். பங்கின் விலை அன்றையதில் ஐந்தில் ஒன்றுதான், நிறுவனத்தின் விலையோ அன்றைய உயரத்தைவிட அதிகம். பங்குகளின் எண்ணிக்கை இப்படிப் பெருகிய நிறுவனத்துக்குப் பல ஆண்டு விலைச் சராசரி எடுப்பதில் பொருளே இல்லை. சராசரி எடுத்தே ஆக வேண்டும் என்றால் மொத்தச் சந்தை மதிப்புக்கு எடுங்கள். அதன் பக்கத்தில் கையிலிருக்கும் ஆர்டர்களின் மெகாவாட் அளவையும் கடன் தொகையையும் காலாண்டுதோறும் எழுதி வாருங்கள்.