அலுவலகத்தில் முகப்பதிவு: கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்கலாம்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கார்டு தேய்க்கும் முறையை எடுத்துவிட்டு, முகத்தைக் காட்டி வருகை பதியும் கருவி வைக்கிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். "போனையே முகத்தைக் காட்டித்தானே திறக்கிறீர்கள், இதில் என்ன பயம்?" என்கிறார் மேலாளர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: மேலாளர் சொல்வது பாதி சரி. இரண்டிலும் நடக்கும் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் முக அமைப்பிலிருந்து ஓர் எண் வரிசையைக் கணினி உருவாக்கி வைத்துக்கொள்ளும். இதை டெம்ப்ளேட் என்பார்கள். அடுத்த முறை நீங்கள் வந்து நின்றதும் புதிதாக ஒன்றை எடுத்துப் பழையதோடு ஒப்பிடும். போதுமான அளவு ஒத்துப்போனால் பச்சை விளக்கு எரியும்.

மீதிப் பாதிதான் முக்கியம்: அந்த டெம்ப்ளேட் யார் கையில் இருக்கிறது? ஐபோனின் ஃபேஸ் ஐடியில் அது போனுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும், ஆப்பிளுக்கும் போகாது. வருகைக் கருவியில் அது நிறுவனத்திடம் இருக்கும், பல நேரங்களில் கருவி விற்றவரின் சர்வரிலும் இருக்கும். அப்புறம், போன் "இவர் என் உரிமையாளர்தானா?" என்று மட்டும் பார்க்கிறது. வாசல் கருவியோ பெரும்பாலும் "பதிவில் உள்ள எல்லோரிலும் இவர் யார்?" என்று தேடுகிறது. அப்படித் தேடும் வசதி வந்துவிட்டால், அதை நடைபாதை கேமராவோடு இணைப்பது பெரிய வேலை இல்லை. யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதும் பதிவாகிவிடும்.

கசிவு வெறும் கற்பனை பயம் அல்ல. பயோஸ்டார் 2 என்ற கதவுப் பாதுகாப்பு அமைப்பின் தரவுகள், முக அடையாளங்கள் உட்பட, இணையத்தில் திறந்து கிடந்ததை 2019-ல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். கார்டு தொலைந்தால் வேறு கார்டு கிடைக்கும், முகத்துக்கு அந்த வசதி இல்லை.

சம்மதப் படிவத்தை நான் பெரிதாக மதிப்பதில்லை. சம்பளம் தருபவர் நீட்டும் தாளில் "முடியாது" என்று எத்தனை பேரால் எழுத முடியும்? தனிநபர் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் இதைச் சுட்டிக்காட்டியது. செர்கோ லெஷர் நிறுவனம் 2,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் வருகையை முகம், கைரேகை மூலம் பதிந்துவந்தது. கார்டு போன்ற எளிய வழிகள் இருக்கையில் இது தேவையில்லை என்று சொல்லி, 2024 பிப்ரவரியில் அதை நிறுத்த உத்தரவிட்டது அந்த அலுவலகம். உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், ஆனாலும் எச்.ஆரிடம் எடுத்துச் சொல்ல நல்ல முன்னுதாரணம்.

நானாக இருந்தால் முதலில் கார்டையே தொடரக் கேட்பேன், மின்னஞ்சலில். மறுத்தால், டெம்ப்ளேட் எங்கே இருக்கிறது, வருகைப் பதிவு தவிர வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டார்களா, கருவி விற்றவரால் பார்க்க முடியுமா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாயால் சொல்வது உதவாது.

வேலையை விட்டுப் போகும்போது அழித்துவிடுவோம் என்று படிவத்தில் இருக்கலாம். எதை அழிப்பார்கள் என்று பாருங்கள். பல கருவிகள் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு புகைப்படமும் எடுத்து வைக்கின்றன. டெம்ப்ளேட்டை அழித்துவிட்டு அந்தப் படங்களை வைத்திருந்தால், வேண்டும்போது புது டெம்ப்ளேட் எடுத்துக்கொள்ளலாம். "புகைப்படங்கள், பேக்கப் பிரதிகள் உட்பட" என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.